பாதி வழியில் நின்ற கணக்கு

இளநீர்க் கடையின் முன் ஓர் இளைஞர் நிற்கிறார். இளநீரைப் பருகியாயிற்று. விலை 40 ரூபாய். கைப்பேசியை எடுத்து, வண்டியில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியைப் படம்பிடித்து, தொகையையும் தம் இரகசிய எண்ணையும் அழுத்துகிறார். திரையில் ஒரு சிறு வட்டம் சுழல்கிறது, சுழன்றுகொண்டே இருக்கிறது. "இன்னும் வரவில்லையே, தம்பி" என்கிறார் கடைக்காரர். அவர் கூறுவது மெய். அதே கணத்தில், கணக்கிலிருந்து 40 ரூபாய் பற்று வைக்கப்பட்டது என்று இளைஞருடைய வங்கியிலிருந்து செய்தி வருகிறது. அதுவும் மெய்யே. இந்த இரண்டு மெய்களுக்கும் இடையில் அந்த 40 ரூபாய் எங்கே இருக்கிறது?

நம் நாட்டில் எல்லோரும் ஒரு நாளேனும் கண்டிருக்கக்கூடிய இந்தச் சிறு குழப்பம், கணினி விஞ்ஞானத்தின் மிகக் கடினமான வினாக்களுள் ஒன்றில் வேரூன்றியிருக்கிறது. கையோடு எடுத்துச் செல்லும் கருவிகளைக் கொண்டு, எங்கோ இருக்கும் பேரேட்டில் கணக்கு எழுதும்போது, அக்கணக்குச் சிதையாமல் காப்பது எவ்வாறு என்பதே அவ்வினா. அதைப்பற்றி மாணவ நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறேன்.

முதலில் 'பரிவர்த்தனை' என்னும் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவர் தம் வீட்டுமனையை விற்கிறார், மற்றொருவர் வாங்குகிறார். பேச்சு பல நாள் நடக்கலாம், முன்பணம் கைமாறலாம், இடையில் மனமும் மாறலாம். ஆயினும் சார்பதிவாளர் முன்னிலையில் பத்திரம் பதிவாகும் அந்தக் கணத்துக்கு முன்னர் மனை விற்றவருடையது, பின்னர் வாங்கியவருடையது. பாதி விற்ற மனை என்று ஒன்று கிடையாது. அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே 1981ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், கணினித் துறையினர் வழங்கும் பரிவர்த்தனை என்ற கருத்து ஒப்பந்தச் சட்டத்திலிருந்து பிறந்ததே என்று காட்டினார். முழுவதும் நடக்கவேண்டும், இல்லையேல் ஒன்றுமே நடவாதிருக்கவேண்டும். நடந்துவிட்டது என்று ஒருமுறை அறிவித்த பின்னர், மின்சாரம் நின்றாலும் யந்திரம் பழுதானாலும் அது நடந்ததாகவே நிலைக்கவேண்டும். இவையே அதன் உயிர்நிலைகள். இத்துறையில் ஆற்றிய பணிக்காகக் கிரேக்கு 1998ஆம் ஆண்டின் டூரிங் பரிசு கிடைத்தது. 2007ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தனியே கடலுக்குச் சென்ற அவர் திரும்பி வரவில்லை.

இந்த உறுதியைக் கணினி எவ்வாறு காக்கிறது? நம் ஊர் மண்டிகளில் கணக்கப்பிள்ளைகள் கையாண்ட முறையையே அதுவும் கையாளுகிறது. கணக்கப்பிள்ளை வரவையும் செலவையும் நேரே பேரேட்டில் எழுதிவிடமாட்டார். முதலில் குறிப்பேட்டில் நிகழ்ந்தது நிகழ்ந்தபடி எழுதுவார். பிறகே பேரேட்டில் உரியவர் பெயரில் ஏற்றுவார். கணினியும் எதைச் செய்யப்போகிறதோ அதை முதலில் தன் குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. இடையில் மின்சாரம் போய் மீண்டும் வந்தால், குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கிறது. முடிந்தது என்று குறிக்கப்பட்டவற்றைப் பேரேட்டில் ஏற்றுகிறது. முடிவு எழுதப்படாமல் பாதியில் நின்றவற்றின் சுவட்டைத் துடைத்துவிடுகிறது.

ஒரே யந்திரம், ஒரே பேரேடு என்றால் கதை இதனோடு முடியும். ஆனால் இளநீர்க் கடையில் இருவருக்கும் வெவ்வேறு வங்கிகள். ஓரிடத்தில் பற்று, மற்றோரிடத்தில் வரவு. இரண்டும் சேர்ந்தே நடக்கவேண்டும். இதற்கு அறிஞர்கள் கண்ட பழைய வழி இரு கட்டங்கள் உடையது. நடுவர் ஒருவர் முதலில் இரு தரப்பையும் நோக்கி, "ஆயத்தமா?" என்று கேட்கிறார். இருவரும் "ஆம்" என்றால், "முடித்துவிடுங்கள்" என்று ஆணையிடுகிறார். ஒருவர் மறுத்தாலும் "விட்டுவிடுங்கள்" என்கிறார். "ஆயத்தம்" என்று சொன்னவர் அடுத்த ஆணை வரும்வரை அந்தக் கணக்கைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. நன்றாகக் கம்பியால் பிணைக்கப்பட்டு, கட்டடத்துக்குள் அசையாமல் வீற்றிருக்கும் யந்திரங்களுக்கு இது பொருத்தமான முறையே.

கைக்கருவியின் நிலை வேறு. பேருந்து மலைப்பாதையில் திரும்பினால் தொடர்பு அறுகிறது. மின்தூக்கிக்குள் நுழைந்தால் அறுகிறது. மின்கலம் தீர்ந்தால் அறுகிறது. அசையாத யந்திரத்துக்குத் தொடர்பு அறுவது ஒரு விபத்து. நடமாடும் கருவிக்கோ அஃது அன்றாட வாழ்க்கை. அத்தகைய கருவியிடம் பூட்டை ஒப்படைத்தால் என்ன ஆகும்? ஊர்ப் பொதுக் களஞ்சியத்தின் சாவியை வாங்கியவர், அதை இடுப்பில் செருகியபடியே வெளியூர்ப் பேருந்தில் ஏறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நெல் இருக்கிறது. வெளியே ஊரார் மரக்காலோடு நிற்கிறார்கள். பூட்டை உடைக்கலாம் என்றால், அவர் உள்ளே பாதி அளந்து வைத்த நெல்லின் கணக்கு என்னாவது? உடைக்காமல் காத்திருக்கலாம் என்றால், அவர் என்று வருவார்?

இதைவிடக் கடினமான தொல்லை ஒன்று உண்டு. அதை ஒரு புதிராகச் சொல்வார்கள். இரு குன்றுகளின்மேல் ஒரே அரசனுடைய இரண்டு படைகள் தங்கியிருக்கின்றன, நடுப்பள்ளத்தாக்கில் பகைவன். இரு தளபதிகளும் ஒரே வேளையில் தாக்கினால் வெற்றி. ஒருவர் மட்டும் இறங்கினால் அழிவு. தூதனை அனுப்பித்தான் நாழிகையைக் குறிக்கவேண்டும். அவனோ பள்ளத்தாக்கின் வழியே செல்லும்போது பகைவன் கையில் அகப்படலாம். முதல் தளபதி "விடியலில் தாக்குவோம்" என்று சொல்லி அனுப்புகிறார். செய்தி சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. இரண்டாமவர் "சேர்ந்தது" என்று பதில் அனுப்புகிறார். பதில் சேர்ந்ததா என்று இவருக்குத் தெரியாது. எத்தனை தூதர்கள் போனால் இந்த ஐயம் தீரும்?

மாணவர்கள் இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இத்தனை தூதர்கள் போதும் என்று ஒரு முறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருக்கக்கூடிய முறைகளுள் மிகக் குறைந்த தூதர்களைக் கொண்டது அதுவே என்றும் கொள்வோம். அவர்களுள் கடைசித் தூதன் வழியில் மடியலாம். அவனை அனுப்பியவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே அவன் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அனுப்பியவர் தாக்கியே ஆகவேண்டும். அவர் தாக்குவாராயின் மற்றவரும் அவன் வராமலே தாக்கவேண்டும். அவ்வாறாயின் அந்தத் தூதன் தேவையில்லை, அவனை நீக்கிவிடலாம். ஆனால் மிகக் குறைந்த எண் இதுவே என்று முன்பு சொன்னோமே! முரண்பாடு. இவ்வாறே ஒவ்வொருவராக நீக்கினால், தூதன் ஒருவனும் இல்லாமலே இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்று முடியும், அது நகைப்புக்கிடமானது. எனவே அத்தகைய முறை ஒன்றும் இருக்க முடியாது. 1978ஆம் ஆண்டில் ஜிம் கிரே இதற்கு இரண்டு தளபதிகளின் புதிர் என்று பெயரிட்டு வழங்கினார்.

இம்முடிவின் பொருளை நன்கு உணரவேண்டும். இன்னும் உயர்ந்த கைப்பேசி வந்தால், இன்னும் நெருக்கமாகக் கோபுரங்கள் எழுந்தால், சுழலும் வட்டம் மறைந்துவிடும் என்று எண்ணுகிறோம். அரிதாகும்; மறையாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது உலக வழக்கு. கம்பியில்லாத் தொடர்பில் மௌனம் சம்மதமும் அன்று, மறுப்பும் அன்று. கேள்வி போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். சேர்ந்து, வேலையும் முடிந்து, பதில்மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கேட்டவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஆகையால் 'முடிந்தது', 'முடியவில்லை' என்ற இரண்டு சொற்கள் நடமாடும் கணக்குக்குப் போதா. 'இன்னும் தெரியவில்லை' என்ற மூன்றாவது சொல் வேண்டும். பணம் செலுத்தும் செயலிகளில் 'நிலுவையில் உள்ளது' என்று காண்கிறோமே, அச்சொல்லைக் கண்டு எரிச்சல் கொள்பவர் பலர். எனக்கோ அது மிக நேர்மையான சொல்லாகத் தோன்றுகிறது. தெரியாததைத் 'தோல்வி' என்று காட்டும் திரையே ஆபத்தானது. அது மறுபடியும் பணம் செலுத்துமாறு நம்மைத் தூண்டிவிடும்.

மறுபடியும் அழுத்தினால் என்ன நேரும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தொடக்கத்திலேயே வேறு எதற்கும் இல்லாத ஓர் எண் சூட்டப்படுகிறது. பதில் வராதபோது யந்திரங்கள் தமக்குள் அதே எண்ணைச் சொல்லி மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்ளலாம். "இந்த எண்ணை முன்பே பதிந்துவிட்டேன்" என்று வங்கியின் பேரேடு அறிந்துகொள்ளும். பத்து முறை கேட்டாலும் ஒரு முறைதான் பற்று எழுதும். இந்த ஏற்பாடு மிக எளியது. ஆயினும் தொடர்பறுந்த உலகில் இதைப்போல் உதவுவது வேறில்லை. ஆனால் நாம் பொறுமையிழந்து, முதலிலிருந்து தொடங்கித் தொகையையும் இரகசிய எண்ணையும் மீண்டும் அழுத்தினால், யந்திரத்தின் கண்ணுக்கு அது பழைய கேள்வி அன்று; புது எண் பூண்ட புதிய பரிவர்த்தனை. ஒரே இளநீருக்கு 80 ரூபாய்!

இனி, வேறொரு திசையில் சென்றவர்களைப் பார்ப்போம். தொடர்பு அறுந்த வேளையில் கைகட்டி நிற்பானேன், வேலையை நடத்துவோம், தொடர்பு வந்ததும் கணக்கை ஒத்துப்பார்ப்போம் என்று துணிந்தவர்கள் அவர்கள். அவர்களுள் முதன்மையானவர் ஒருவர் சென்னையில் பயின்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்று அமெரிக்கா சென்ற மகாதேவ் சத்தியநாராயணன், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987ஆம் ஆண்டில் 'கோடா' என்னும் கோப்பு முறையை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். கோப்புகள் மைய யந்திரத்தில் இருக்கும். தொடர்பு உள்ளபோதே, பின்னால் தேவைப்படக்கூடியவற்றை மடிக்கணினி தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். மழைக்காலம் வருமுன் வற்றலும் விறகும் சேர்த்து வைக்கும் இல்லத்தரசியின் முன்யோசனை அது. தொடர்பு அறுந்ததும், இருப்பதைக் கொண்டு வேலை நடக்கும். செய்த மாற்றங்கள் யாவும் ஒரு குறிப்பேட்டில் ஏறும். மீண்டும் தொடர்பு கிடைத்ததும் அக்குறிப்பேட்டை மைய யந்திரத்தில் வரிசையாக நிறைவேற்றிக் காட்டும்.

அங்கே ஒருவர் மாற்றியதை இங்கே மற்றொருவரும் மாற்றியிருந்தால்? அந்த அச்சம் எவ்வளவு பெரிது என்று அவர்கள் தம் பல்கலைக்கழகத்தில் அளந்தே பார்த்தார்கள். 100 மாற்றங்களில் 99க்கு மேற்பட்டவை, அதற்கு முன்பு அக்கோப்பை மாற்றிய அதே மனிதரால் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. ஒருவருடைய கட்டுரையை மற்றொருவர் திருத்துவது அவ்வளவு அபூர்வம். ஆகவே பூட்டு வேண்டாம், மோதல் வந்தால் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம் என்று துணிந்தார்கள், துணிவு பலித்தது.

ஆனால் இந்தத் துணிவை எங்கும் எடுத்துச் செல்லலாகாது. ஆய்வுக் கட்டுரை ஒருவருக்கே உரியது. இரயில் பெட்டியின் காலிப் படுக்கையோ பலர் கண்ணும் படிந்திருக்கும் பொருள். இந்திய இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகர்களுக்குக் கைக்கருவிகள் வழங்கப்பட்டிருக்கின்றன. வராத பயணியின் படுக்கையைக் காலி என்று அதில் குறித்தால், காத்திருப்போருள் ஒருவருக்கு அது கிடைக்கிறது. தொடர்பற்ற காட்டு வழியில் இத்தகைய கருவி ஒன்று தன்னிச்சையாக ஒரு படுக்கையைக் கொடுக்க, அடுத்த நிலையத்தில் மைய யந்திரம் அதையே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், நள்ளிரவில் ஒரு படுக்கைக்கு இருவர் நிற்பர். பின்னால் பார்த்துக்கொள்வோம் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

1996ஆம் ஆண்டில் ஜிம் கிரே, பாட் ஹெலண்ட், பாட்ரிக் ஓ'நீல், டென்னிஸ் ஷாஷா ஆகிய நால்வர் இந்த ஆபத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஒரே பேரேட்டின் பிரதிகளைப் பல கருவிகளில் வைத்து, எங்கிருந்தும் யாரும் திருத்தலாம் என்று விட்டால், கருவிகளும் வேலைப்பளுவும் 10 மடங்காகும்போது முட்டுக்கட்டைகளும் சமரசம் செய்யவேண்டிய மோதல்களும் 1000 மடங்காகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பத்துக் கருவிகளை வைத்துச் சோதித்து, "நன்றாக வேலை செய்கிறதே" என்று மகிழ்பவர் நூறு கருவிகளை வைத்ததும் திகைப்பது இதனால்தான்.

அவர்கள் காட்டிய பரிகாரம், கைக்கருவி எழுதுவது முடிந்த கணக்கு அன்று, அது ஒரு முன்மொழிவு என்று கொள்வதாகும். தொடர்பு வந்ததும் அம்முன்மொழிவு அடித்தளப் பேரேட்டில் புதிதாக நிறைவேற்றப்படும். அங்கே ஏற்கப்பட்டால் உறுதி. ஏற்கப்படாவிட்டால், காரணத்தோடு திரும்பிவரும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'இருப்பு 500 ரூபாய்' என்று விடையை அனுப்பக்கூடாது. '100 ரூபாய் கழிக்க' என்று செயலை அனுப்பவேண்டும். இடையில் வேறொருவர் 50 ரூபாய் எடுத்திருந்தால், முதல் முறையில் அந்த 50 ரூபாயின் கணக்கு அழிந்துபோகும். இரண்டாம் முறையில் இரண்டு கழித்தலும் தத்தம் இடத்தில் நிற்கும்.

இதே காலத்தில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தார் 'பேயூ' என்ற அமைப்பை உருவாக்கி, 1995ஆம் ஆண்டில் அதை விளக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று, கூட்ட அறையை ஒதுக்கிக்கொள்வது. தொடர்பில்லாத கணினியில் ஒருவர் அறையைக் கேட்கும்போது, "இந்த நேரத்தில் அறை காலியாக இருந்தால் கொடு, இல்லையேல் இன்ன மாற்று நேரத்தில் கொடு" என்று நிபந்தனையையும் மாற்று வழியையும் சேர்த்தே எழுதிவிடலாம். தலைமை யந்திரம் ஒன்று வரிசையை நிர்ணயிக்கும் வரை அது தற்காலிக ஒதுக்கீடு. நிர்ணயித்த பின் உறுதியான ஒதுக்கீடு. எது தற்காலிகம், எது உறுதி என்பதைப் பயன்படுத்துவோர் அறிய முடியவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நம் திருமண மண்டபங்களில் பென்சிலால் எழுதி வைத்து, முன்பணம் வந்த பின் மையால் எழுதுகிறார்களே, அதை நினைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அந்த 40 ரூபாயைத் தேடுவோம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு முதல் வழங்கும் யு.பி.ஐ. முறையில், செலுத்துபவரின் வங்கியில் முதலில் பற்று. அதன்பின் பெறுபவரின் வங்கியில் வரவு. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று செய்தியைக் கொண்டு சேர்ப்பது இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். பற்று எழுதியபின், வரவு எழுதும் வங்கியிடமிருந்து பதில் வராமற்போனால், இரு வங்கிகளின் கணக்குகளையும் பூட்டிக்கொண்டு காத்திருக்க முடியாது. நாட்டின் வாணிகமே நின்றுவிடும். ஆகவே வரவு நடவாதது தெளிவானபின், பற்று வைத்த தொகை திருப்பி எழுதப்படுகிறது. கணக்கியல் படித்த மாணவர்களுக்கு இது புதிதன்று. பேரேட்டில் எழுதியதை நாம் சுரண்டி அழிப்பதில்லை. அதைச் சமன்செய்ய ஓர் எதிர்ப்பதிவு எழுதுகிறோம். நெடிய பரிவர்த்தனையைச் சிறுசிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ப்படி ஒன்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் இம்முறையை 1987ஆம் ஆண்டில் ஹெக்டர் கார்சியா மொலினா, கென்னத் சேலம் என்னும் இருவர் முறைப்படுத்திக் கூறினர்.

எதிர்ப்பதிவு வரும்வரை காத்திருப்பது யார் என்ற வினா விஞ்ஞானத்தைக் கடந்தது. கணினிக்கு அது சில நாழிகைத் தாமதம். அன்றாடம் காய்ச்சிக்கு அது மறுநாள் கொள்முதல். ஆகவே அங்கே சட்டம் குறுக்கிட வேண்டியதாயிற்று. இந்திய ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யு.பி.ஐ. வழியே ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் பற்றாகி, வரவாகாமல் நின்றால், அடுத்த நாளுக்குள் அது தானே திரும்ப வேண்டும். கடைக்காரருக்குச் செலுத்தி, உறுதிச் செய்தி வராமற்போனால் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். கெடு தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் முறையிட்டுத்தான் பெறவேண்டும் என்பதில்லை. வங்கியே வரவு வைக்கவேண்டும். மாணவர்கள் இந்த விதியை வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லி வைக்கலாம்.

தொடர்பே இல்லாத இடத்தில் பணம் செலுத்தவும் வழி உண்டா? உண்டு; அதன் அடிப்படைக் கருத்தும் பழையதே. இரயிலில் உள்ள இடங்களை நிலையவாரியாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு நிலையத்தாரும் தம் பங்குக்குள் யாரையும் கேளாமல் சீட்டு வழங்கலாம். மொத்தத் தொகையிலிருந்து ஒரு பங்கை முன்னதாகவே ஒதுக்கி, கருவியின் பொறுப்பில் விட்டுவிட்டால், அந்தப் பங்குக்குள் அது தனித்தே கணக்கு முடிக்கலாம். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ரிசர்வ் வங்கி வகுத்த திட்டத்தில், தொடர்பின்றிச் செலுத்தும் தொகைக்கு ஒரு தடவைக்கு 200 ரூபாய் என்றும், கருவியில் இருக்கக்கூடிய மொத்தத்துக்கு 2000 ரூபாய் என்றும் எல்லை வைக்கப்பட்டது. பின்னர் இவ்வகை எல்லைகள் உயர்த்தப்பட்டன. எல்லை இவ்வளவு சிறிதாக வைக்கப்பட்டதற்குக் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். தொடர்பற்ற கருவி சொல்வதை உடனே சரிபார்க்க வழியில்லை. கருவி தொலைந்தாலும், யாரேனும் அதனுள் சூழ்ச்சி செய்தாலும், இழப்பு ஒதுக்கிய பங்கைத் தாண்டக்கூடாது. பங்கு தீர்ந்தபின் மீண்டும் நிரப்புவதற்கோ, கோபுரத்தின் எல்லைக்குள் வந்து, பேரேட்டின் முன் நின்று, தொடர்போடு கேட்டே ஆகவேண்டும்.